எங்க கப்பலுக்கு செம்பு அடிச்ச கதை!

'உங்க அப்பா என்னடா பண்றார்?'

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் ராத்திரி. மெஸ்ஸில் ரசத்தை ஊற்றிக்கொண்டே ரூம்மேட் கேட்டான். 'மெட்டல் பிசினஸ்' என்று சொல்லிவிட்டு அப்பளத்தைக் கடித்தேன். பொய் இல்லை பாஸ்! கும்பகோணத்தில் எங்க அப்பா பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறார். செம்பு, பித்தளைத் தகட்டைத் தட்டித் தட்டி குடம், தவலை, அண்டா என்று ஆக்குகிற வேலை. தாத்தா காலத்தில் பத்து சுத்தியல் சத்தம் கேட்ட இடம். எவர்சில்வர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது... இப்போ ரெண்டே சுத்தியல். அதில் ஒண்ணு அப்பாவோடது. செம்பு வாட்டர் பாட்டில் ஃபேஷன் ஆனபோது, 'நம்ம காலம் திரும்புதுடா' என்று சந்தோஷப்பட்டார். கடையில் போய்ப் பார்த்தால் எல்லாம் மிஷின் சரக்கு.

ஆக, மெட்டல், பிசினஸ்... ரெண்டு வார்த்தையும் உண்மைதான். ஆனால், ரூம்மேட் மனசில் ஓடிய படத்தில் ஏ.சி. ரூமும் சுழல் நாற்காலியும் இருந்திருக்கும். அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் எழுத வந்தது ஒரு கப்பலைப் பற்றி. கொஞ்சம் பொறுங்க, ரெண்டும் ஓரிடத்தில் வந்து முட்டும்.

செகண்ட் இயர் ஆரம்பத்தில் ரெண்டு விஷயங்கள் என்னைத் தொற்றிக்கொண்டன. ஒண்ணு, இன்ஜினீயரிங் கெமிஸ்ட்ரி அரியர். இன்னொண்ணு, மரத்தில் கப்பல் மாடல் செய்கிற பைத்தியம். 'முதல்ல வந்ததை மறக்கத்தான் ரெண்டாவது' என்பது அம்மாவின் கட்சி. மறுக்க முடியவில்லை.

எந்தக் கப்பலைச் செய்வது? இந்தப் பைத்தியம் பிடித்த நிறைய பேர் 'விக்டரி', 'கட்டி சார்க்' என்று போவார்கள். நான் தேடிப் பிடித்தது 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலீ'. பெயரைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்க. அட, நம்ம திருகோணமலை! 1782-ல் அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடலில் பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிக்கொண்ட சண்டையின் ஞாபகமாக வைத்த பெயர். கட்டியது பம்பாயில், வாடியா என்கிற பார்சிக் குடும்பம். மரம், மலபார் தேக்கு. 1817 அக்டோபரில் தண்ணீரில் இறங்கிய கப்பல், இருநூறு வருஷம் தாண்டியும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. இதற்கான வரைபடத்தை முதலில் ஏற்றிக்கொண்டு வந்த 'ஜாவா' என்ற கப்பலை 1812-ல் அமெரிக்கர்கள் அழித்துவிட்டார்கள். திரும்ப அனுப்ப வேண்டியதாகிவிட்டது. ரெக்கார்டு நோட்டைத் தொலைத்துவிட்டு மறுபடி எழுதின நமக்கெல்லாம் அந்த வலி புரியும்!

எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம். 1816-ல் கப்பலின் அடிமரத்தை (நம்ம ஊர் படகு ஆசாரிகள் 'ஏரா' என்பார்கள்) வைத்தபோது ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா அதில் ஒரு வெள்ளி ஆணியை அடித்தார். பார்சிகளின் சம்பிரதாயம். கப்பல் நல்லா இருக்கணும் என்று.

ஆணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மாடலின் ஸ்கேல் 1:72. நிஜக் கப்பலின் பீரங்கித் தளம் 150 அடி என்றால், என்னுடையது ரெண்டு அடிக்குக் கொஞ்சம் மேல். உள்ளே பிளைவுட் சட்டங்கள். மேலே மூட, பட்டறைக்குப் பக்கத்து ஆசாரி மாமா கழிவுத் தேக்கைச் சன்னமாக அறுத்துக் கொடுத்த பட்டைகள். ஃபெவிகால் தடவி, வளைத்து, காயும்வரை நகராமல் இருக்க ஆணி அடிக்க வேண்டும். அடித்தால் பித்தளைப் பின் அடிக்கணும், இல்லையென்றால் பசை காய்ந்ததும் பிடுங்கிவிடணும். இது எனக்கு அப்போது தெரியாது. போட்டோ ஃப்ரேம் கடையில் வாங்கிய பொடி இரும்பு ஆணி இருநூறு சொச்சத்தை அடித்து, தலைகளை அரத்தால் ராவி மரத்தோடு மட்டமாக்கிவிட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் வழவழவென்று வந்தது பாருங்க... தடவிக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

அடுத்து செம்பு.

மரக்கப்பலுக்கு எதற்குடா செம்பு என்று கேட்டார் அப்பா. நியாயமான கேள்வி. கடலில் மரத்தைத் தின்கிற ஜீவன் ஒன்று உண்டு. கப்பல் புழு என்று பெயர். ஆனால் அது புழு இல்லை, சிப்பி இனம். மட்டியின் தூரத்துச் சொந்தம். பலகைக்குள் நுழைந்து குடைந்து குடைந்து தேன்கூடு மாதிரி ஆக்கிவிடும். அது போதாதென்று பாசியும் கொட்டலசும் அடியில் அப்பிக்கொண்டால் கப்பல் ஆமைதான். தண்ணீருக்குள் இருக்கிற பாகம் முழுக்க செம்புத் தகடு அடித்துவிட்டால், செம்பு கடல் நீரில் ரொம்ப மெதுவாகக் கரைந்துகொண்டே இருக்கும். அது இந்த ஜீவன்களுக்கு விஷம். பிரிட்டிஷ் கடற்படை அடித்த தகட்டின் அளவு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 'விக்டரி' கப்பலுக்கு மட்டும் 1780-ல் 3,923 தகடுகள்!

'மூவாயிரத்துத் தொள்ளாயிரமா? யாருடா தட்டினது?' என்றார் அப்பா. முதல் முறையாக என் கப்பல் பக்கம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். அப்புறம், 'பொம்மைக்கு எதுக்கு செம்பு? பெயின்ட் அடி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

1:72-க்குக் கணக்குப் போட்டால் ஒரு தகடு 17 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலம். அதே அகலத்தில் பின்னால் பசையோடு செம்பு டேப் விற்கிறார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டபோது கடைக்காரர், 'கிடாருக்குள்ள ஒட்டறதுக்கா தம்பி?' என்றார். இரைச்சல் வராமலிருக்க கிடாருக்குள் இதை ஒட்டுவார்கள். கப்பலுக்கு என்று சொன்னால் விளக்கணுமே என்று 'ஆமாண்ணா' என்றேன். பார்த்தீங்களா, மறுபடி ஒரு மெட்டல் பிசினஸ்!

ரெண்டு ரோல் வாங்கினேன். செமஸ்டர் லீவு முழுக்க ஒட்டல்தான். ஒரு பக்கத்துக்கு சுமார் 750, மொத்தம் 1,500. முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். சினிமா கியூவும் முன்னாலிருந்துதானே ஆரம்பிக்கும்? நாலு வரிசை முடித்த பிறகு அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் பளிச்சென்றது. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் குத்தும். ஏனென்றால் முன் செதில், பின் செதிலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கப்பல் தகடும் அப்படியே. முன் தகட்டின் ஓரம் பின் தகட்டின் மேல் வரணும். இல்லாவிட்டால் ஓடுகிற தண்ணீர் தகட்டின் விளிம்பில் நகத்தைக் கொடுத்துப் பிரித்துவிடும். அப்படி வரவேண்டுமென்றால் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும். கீழிருந்து மேலே, வாலிலிருந்து தலைக்கு! அம்மாவிடம் சொன்னேன். 'இதுக்குத்தான் காலேஜா? நகரு' என்றார்.

நாலு வரிசையையும் பிய்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கப்பலின் வயிறு நடுவில் அகலம், ரெண்டு முனையிலும் குறுகல். நேர் வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் முனைகளில் வரிசைகள் வில்லாக மேலே வளையும். ஒரு கட்டத்தில் அந்த வளைவை நிறுத்தி, மேலே தண்ணீர்க் கோட்டுக்கு இணையாக வேறு வரிசைகளைத் தொடங்கணும். ரெண்டும் சந்திக்கிற இடத்தில் தகடுகளைச் சாய்வாக வெட்டணும். அங்கேதான் என் ஒரு வாரம் போனது. ஒட்டியதும் மூங்கில் குச்சியின் மழுங்கின முனையால் ஓரங்களை அழுத்தித் தேய்த்தால் டேப் மரத்தோடு படியும்.

ஆணித் தலை மாதிரி புள்ளி வைக்கிறவர்களும் உண்டு. தையல்காரர் துணியில் உருட்டுகிற பல்சக்கரத்தைத் தகட்டில் உருட்டினால் புள்ளி புள்ளியாக விழும். நானும் பத்து தகட்டில் செய்து பார்த்தேன். கப்பலுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. நிஜக் கப்பலில் தகட்டு ஆணியின் தலை மட்டமாகத்தான் இருக்கும். 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அது கண்ணுக்கே தெரியக்கூடாது. விட்டுவிட்டேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

ஒட்டி முடித்தபோது கப்பல் புதுப் பைசா மாதிரி மின்னியது. எனக்கோ பழைய கப்பல் லுக் வேண்டும். வினிகரில் உப்பைக் கரைத்து பஞ்சால் ஒற்றினேன். ரெண்டு மூன்று நாளில் பழுப்பும் பச்சையுமாக, கடலில் பத்து வருஷம் கிடந்த மாதிரி கலர் வந்துவிட்டது. போட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்பில் போட்டேன். 'மச்சி, டைட்டானிக்கா?' என்று ஒருத்தன். விடுங்க, பாராட்டு பாராட்டுதான்.

தீபாவளி லீவில் வீட்டுக்கு வந்து பார்த்தால்... கப்பலுக்குக் கொப்புளம்!

வரிசை வரிசையாக, சரியான இடைவெளியில், சின்னச் சின்ன மேடுகள். சில இடத்தில் டேப் வெடித்து, செம்மண் கலரில் துரு வழிந்து மரத்தில் கோடு போட்டிருந்தது. டேப்பைக் குறை சொன்னேன், கும்பகோணத்து ஈரத்தைக் குறை சொன்னேன். லீவு முழுக்கப் போட்ட உழைப்பு பாஸ்! தொண்டை அடைத்துவிட்டது. அரியர் வந்தபோதுகூட அப்படி ஆகவில்லை.

சாயந்திரம் பட்டறையிலிருந்து வந்த அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கப்பலைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினார்.

'உள்ள என்ன ஆணிடா அடிச்ச?'

'இரும்புப்பா.'

'மரத்துக்கு மேல எதுவும் பூசலையா?'

'வார்னிஷ் மாதிரி சீலர் அடிக்கணும்னு படிச்சேன்... அடிக்கலை.'

'அதுமேல செம்பை ஒட்டி, உப்பும் புளிப்பும் ஊத்தினியாக்கும்?' பெருமூச்சு விட்டார். 'அண்டாவுக்கு இரும்பு வளையம் போட்டா என்ன ஆகும்னு சின்ன வயசுலேர்ந்து பார்த்திருக்கியே. அண்டா அப்படியே கிடக்கும், வளையம் இத்துப் போகும். செம்பு பக்கத்துல உட்கார்ந்து ஈரமும் உப்பும் சேர்ந்தா, இரும்பு தன்னைக் குடுத்துடும்டா.'

தன்னைக் குடுத்துடும்.

நான் கப்பலை விட்டுவிட்டு கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடுத்தேன். அரியர் வைத்த அதே புத்தகம். 'கால்வானிக் கரோஷன்', 'சாக்ரிஃபிஷியல் ஆனோட்'. ரெண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், அதில் இளிச்சவாய உலோகம் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். மூன்று பக்கத்துக்குப் படமும் சமன்பாடுமாக இருந்ததை அப்பா ஒரு வார்த்தையில் முடித்திருந்தார்.

தோண்டத் தோண்ட, நான் வாங்கின பல்பை பிரிட்டிஷ் கடற்படை எனக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே வாங்கியிருந்தது! 1761-ல் 'எச்.எம்.எஸ். அலாரம்' என்ற போர்க்கப்பலுக்கு, ஒரு சோதனையாக, அடியில் செம்புத் தகடு அடித்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்விட்டு வந்தது. பார்த்தால் செம்பு இருந்த இடத்தில் புழு தொடவே இல்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. ஒரு சில இடத்தில் மட்டும் ஆணி நல்லா இருந்தது. ஏன்? தகட்டோடு வந்த பழுப்புக் காகிதம் அங்கே கிழியாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் தங்கிவிட்டது! காகிதம் காப்பாற்றிய ஆணி. அப்படியும் 1779-லிருந்து அவசர அவசரமாக மொத்தக் கடற்படைக்கும் செம்பு அடித்தார்கள். அப்புறம்தான் 1780-களில் இரும்பு போல்ட்டுகளையே விட்டுவிட்டு செம்புக் கலப்பு போல்ட்டுகளுக்கு மாறினார்கள்.

இன்னொரு கூத்து. 1824-ல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி, செம்பு கரைவதைத் தடுக்கிறேன் என்று அதோடு துத்தநாகம், இரும்புக் கட்டிகளைச் சேர்த்து வைத்தார். அவை கரைந்தன, செம்பு தப்பித்தது. கெமிஸ்ட்ரி நூற்றுக்கு நூறு சரி! ஆனால் செம்பு கரையாததால் விஷம் இல்லை. விஷம் இல்லாததால் கொட்டலசு கும்பலாக வந்து குடியேறிவிட்டது. இதை அப்பாவிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. 'அப்போ தேயறதுதான் அந்தச் செம்போட வேலையே' என்றார். ராத்திரி பதினோரு மணி. அப்பாவும் நானும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மறுநாள் 1,500 தகட்டையும் பிய்த்தேன். ரெண்டு நாள் ஆனது. தலை ராவிய ஆணியை எப்படிப் பிடுங்குவது? சுற்றிக் கொஞ்சம் குடைந்து, குறடு போட்டு இழுத்ததில் பாதிதான் வந்தது. வராததை உள்ளே தட்டிவிட்டு மேலே எம்-சீல் வைத்து மூடினேன். என்னுடைய பழுப்புக் காகிதம்! காலியான ஓட்டைகளுக்கு என்ன செய்வது என்று முழித்தபோது ஆசாரி மாமா, 'மூங்கிலைச் சீவி அடி' என்றார். தேக்குக்கும் இரும்புக்கும் உண்மையில் ஆகும் என்றும் சொன்னார். ஐரோப்பாவின் ஓக் மரத்தில்தான் அமிலம் அதிகம், அது இரும்பை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அப்படிச் செய்யாது. ஆக தப்பு மரத்தின் மேலும் இல்லை, ஆணியின் மேலும் இல்லை. செம்பை அதுமேல் கொண்டு உட்கார வைத்த என் மேல்தான்.

இந்தத் தடவை சீலர் ரெண்டு கோட். ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகு மெல்லிசு உப்புத்தாள். தூசி போகத் துடைத்துவிட்டு, வாலிலிருந்து ஆரம்பித்தேன். வியர்வைக் கை பட்டால் செம்பில் ரேகை அப்படியே கறுத்துப் பதியும் என்பதால் கையில் மெல்லிய கிளவுஸ். தீபாவளி லீவில் பாதிகூட முடியவில்லை. அப்புறம் வார லீவுகளில் வந்து வந்து ஒட்டினேன்.

பின்பக்கத்தில், சுக்கானுக்கு முன்னால் உடம்பு ஒடுங்கி, முறுக்கிக்கொண்டு மேலே ஏறுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே தகடு ரெண்டு பக்கமும் வளையணும். எனக்கு மடிப்பு விழுந்துகொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பின்னால் வந்து நின்றார். 'தள்ளு' என்றார். கிளவுஸை நீட்டினேன். 'அதைப் போட்டா எனக்குத் தகடு பேசாது' என்றார். கட்டை விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, குடத்துக்குக் கழுத்து திரட்டுகிற மாதிரியே, ஒரே அழுத்து. மடிப்பே இல்லாமல் படிந்தது. நாற்பது தகடு வரை ஒட்டியிருப்பார். பேச்சே இல்லை. வாயில் வெற்றிலை வேறு.

புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டேன், எங்கள் வீட்டில் எந்தச் செம்புக்கும் அதுதானே வைத்தியம்? 'வேண்டாம்டா, இடுக்குல ஈரம் நிக்கும். மறுபடி களிம்புதான் கட்டும். தானாப் பழுக்கட்டும்' என்றார். பழைய லுக் ஆசைக்கு அன்றோடு முழுக்கு. வினிகர் பாட்டில் அடுக்களைக்குத் திரும்பிவிட்டது. காய்ந்த துணியால் துடைத்து, தண்ணீர்க் கோட்டில் டேப் ஒட்டி மறைத்து, மேல் பாகத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் அடித்தேன். செம்புக்கு மேலே லேசாக ஒரு கோட் லாக்கர் அடித்தால் நிறம் அப்படியே நின்றுவிடும் என்று எல்லா மாடல்காரர்களும் சொல்கிறார்கள். இடது பக்கம் அடித்தேன். வலது பக்கம் அடிக்கவில்லை. என்ன ஆகிறது, பார்ப்போமே!

ஆறு மாசத்தில் வலது பக்கம் ஜிலேபிக் கலரிலிருந்து நல்ல காபிக் கலருக்கு வந்துவிட்டது. பின்பக்கம் அப்பா ஒட்டின இடத்தில் மட்டும் நாற்பது கட்டை விரல் ரேகைகள் தனியாக, கறுப்பாக எழும்பி நிற்கின்றன. நுண்ணிய உலோகக் கம்பளியால் ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். தேய்க்கவில்லை.

கெமிஸ்ட்ரி அரியர் அடுத்த முயற்சியில் கிளியர். கரோஷன் கேள்வி வந்ததா என்று கேட்காதீங்க. வந்தது. 'அலாரம்' கப்பலையும் சேர்த்து எழுதினேன். பேப்பர் திருத்தினவர் என்ன நினைத்தாரோ!

கப்பல் இப்போது பட்டறையில், பில் புக் வைக்கிற அலமாரிக்கு மேல் இருக்கிறது. அங்கே வைக்கச் சொன்னது அப்பாதான். போன மாசம் மகாமகக் குளம் பார்க்கணும் என்று ரூம்மேட் ஊருக்கு வந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். பட்டறைக்கே கூட்டிப் போனேன். அப்பா வெறும் உடம்போடு உட்கார்ந்து ஒரு தவலைக்கு அடி தட்டிக்கொண்டிருந்தார். அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

'மெட்டல் பிசினஸ்னு சொன்னியே மச்சி... இதுதானா?'

நான் பதில் சொல்வதற்குள் அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அலமாரி மேலே கையைக் காட்டினார்.

'ஆமா தம்பி. குடம், தவலை... கப்பலுக்குக்கூட தகடு அடிக்கிறோம்.'